படம் ஒரு பக்கம், படவிளக்கம் ஒரு பக்கம்

மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதிக்கொண்டிருக்கும் அகழாய்வு அறிக்கையின் முன்னுரையில் விடுபட்டிருந்த ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்குள் நான்காம் இயலில் இருந்த பானை ஓட்டின் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது. அதன் விளக்கமோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. காலியான இடத்தில் கீழேயிருந்த சுடுமண் தக்களியின் படம் ஏறி உட்கார்ந்துகொள்ள, நூல் நூற்கும் தக்களிக்கு அடியில் ‘தமிழி எழுத்து பொறித்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடு’ என்று குழி எண்ணும் ஆழமும் சேர்ந்து பளிச்சென்று நிற்கின்றன. இது அழகுப் பிரச்சினை அன்று. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற விவரத்தை இழந்த ஓடு வெறும் ஓடுதான். அந்த விவரம் வேறொரு பொருளுக்குக் கீழே அச்சேறினால் அது பொய்ச் சான்று.

படத்தை மேலே இழுத்தேன். பத்தி இரண்டாகப் பிளந்தது. சற்றே நகர்த்தினேன், படம் எழுத்துகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, அதன்பின் எங்கே சொடுக்கினாலும் சிக்கவில்லை. எப்படியோ பிடித்து, வரியோடு வரியாக நிற்கும்படி மாற்றினேன். அந்தப் பத்திக்கு வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று, அதாவது மாறாத உயரத்தில், வைக்கப்பட்டிருந்ததால், ஓடு முழுவதும் மறைந்து அடிப்பக்கக் கீற்று மட்டும் எட்டிப் பார்த்தது.

வரியோடு சேராமல் மிதக்கும் படத்துக்கு விளக்கம் சேர்க்கச் சொன்னால், இந்தச் செயலி அதைத் தனி உரைப்பெட்டியில் போட்டு, பெட்டியைப் படத்தோடு கட்டாமலே விட்டுவிடுகிறது. படத்தைப் பத்தியோடு பிணைக்கும் நங்கூரம் ஒரு பத்தியிலும் பெட்டியின் நங்கூரம் அடுத்த பத்தியிலும் மாட்டிக்கொண்டால், பக்கம் முறியும்போது இரண்டும் பிரிந்துதானே போகும்? பட எண்களைப் புதுப்பிக்க ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால், பத்திகளில் உள்ள எண்கள் மாறுகின்றன, உரைப்பெட்டிக்குள் உள்ளவை பழைய எண்ணிலேயே கிடக்கின்றன. பொறுமை இழந்து விளக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக இட்டால், அதைச் சுட்டிய ‘காண்க: படம்’ என்னும் இடங்களிலெல்லாம் ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று கொட்டை எழுத்தில் வந்து நிற்கிறது, அதுவும் அச்சுக்குப் போகும் நேரத்தில்.

கோடில்லாத அட்டவணை போட்டு, மேற்கட்டத்தில் படத்தையும் கீழ்க்கட்டத்தில் விளக்கத்தையும் வை என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படமும் விளக்கமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக் கூடாது என்ற எளிய தேவைக்கு ஏன் அட்டவணையைக் கடன் வாங்க வேண்டும்? லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் 1980களிலேயே இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, ஒன்றாகவே நகர்த்தி, எண்ணையும் தானே போட்டுக்கொடுத்தது. அதைப் பார்த்தும் காசு வாங்கி விற்கும் செயலிக்கு இன்றுவரை புத்தி வரவில்லை என்றால், படம் வைத்து எழுதுபவனின் நேரத்துக்கு இவர்களிடம் மதிப்பே இல்லை என்றுதான் பொருள்.

பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறேன் என்றேன். திருத்தக்கூடிய கோப்புதான் வேண்டும் என்றார்கள் அறிக்கையை வெளியிடுபவர்கள். அனுப்பினேன். என் கணினியில் உள்ள தமிழ் எழுத்துரு அங்கே இல்லை. வேறொன்று அந்த இடத்தில் வந்து, வரிகளின் உயரம் மாறி, பக்கங்கள் சரிந்து, படங்கள் எல்லாம் மறுபடியும் இடம்பெயர்ந்துவிட்டன. ‘படங்களும் விளக்கங்களும் பொருந்தவில்லை, கவனமாகத் தயாரித்து அனுப்பவும்’ என்று குறிப்பெழுதி இன்று காலை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கவனமாகவாம்!