அந்த அக்கா கேட்டதில் சிரிக்க என்ன இருக்கு?

கோத்தகிரி பல் மருத்துவ முகாம் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பிடுங்கிய கடைவாய்ப் பல்லை, "எலும்பு வளர ஆகுமாமே, குடுங்க" என்று கேட்ட அந்தத் தேயிலைத் தோட்டத்து அக்காவைப் பார்த்து மேடையில் இருந்த முகாம்காரர்கள் சிரிக்கிறார்கள். மனசு ஆறவே இல்லை. அவர் கேட்டது சரி: பிடுங்கிய பல்லை அரைத்து அதே குழியில் நிரப்பினால் எலும்பு வளர உதவும். பல் குப்பை இல்லை.

பல்லின் உட்பகுதியான டென்டினில் சுமார் 70% தாது, 20% புரதம். புரதத்தில் பெரும்பங்கு கொலாஜன். மிச்சத்தில் பிஎம்பி, டிஜிஎஃப் பீட்டா போன்ற, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் உண்டு. சுற்றியுள்ள முதிராத செல்களை எலும்பு கட்டும் செல்களாக மாற்றுவது இவைதான். தாது நீக்கிய டென்டினை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது அங்கே எலும்பு உருவானதை அமெரிக்க எலும்பு ஆய்வாளர் யூரிஸ்ட்டின் குழு 1967-லேயே காட்டிவிட்டது. பல் குப்பை இல்லை!

"இன்ஃபெக்‌ஷன் ஆகாதா?" என்பீர்கள். ஒழுங்காகச் செய்தால் அந்தப் பயம் பெரிதில்லை. சொத்தை, ஃபில்லிங், வேரில் ஒட்டிய சதை எல்லாவற்றையும் பர் (பல் டாக்டரின் சுழலும் துளைமுனை) வைத்துச் சுரண்டி, பல்லை நன்றாக உலர்த்தி, 300 முதல் 1200 மைக்ரான் (0.3 முதல் 1.2 மில்லிமீட்டர்) அளவுக்கு அரைக்க வேண்டும். கிருமி நீக்க, 0.5 மோலார் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் 20% எத்தனாலும் கலந்த கரைசலில் 10 நிமிடம் வைத்து, பாஸ்பேட் பஃபர் சலைன் என்ற உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, அதே அமர்வில் பல் பிடுங்கிய குழிக்குள் நிரப்பலாம். கழுவல் சரியில்லையென்றால் மிஞ்சும் காரம் திசுவைப் புண்ணாக்கும். மாவாக அரைத்தால் எலும்பு வளரும் முன்பே கரைந்துவிடும். வேர் சிகிச்சை செய்த பல் வேண்டாம், உள்ளே அடைத்த மருந்தும் சேர்ந்து அரைபடும்.

"அரைக்கும் கருவி எல்லா கிளினிக்கிலும் இருக்கா?" இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாமே! சொத்தை முழுக்கத் தின்ற பல்லாக இருந்தால் அதையும் சொல்லியிருக்கலாம். சிரிப்பு எதற்கு?

பல் போன இடத்தில் ஒரு வருடத்துக்குள் எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி குறைகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே. பிறகு பல் கட்ட வேண்டுமென்றால் கூலியை விட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், குறைந்த எலும்பை ஈடுகட்ட காசு கொடுத்து மாட்டெலும்புத் துகள் வாங்கிப் போட வேண்டும். தன் பல்லையே கேட்டவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? மலையில் இலை பறிப்பவர் அறிவியல் பேசினால் ஏன் இப்படி உறுத்துகிறது உங்களுக்கு? கீழே கோவையில் காரில் வந்து இறங்குபவர் இதையே கேட்டிருந்தால் நாற்காலி போட்டு விளக்கியிருப்பீர்கள்.

அந்தப் பல்லை வாளியில் போட்டாச்சு, இனி திரும்பாது. முகாம் நடத்தியவர்களே, வீடியோவை நீக்கிவிட்டு, அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள்.