லோட் எண்டால் எத்தினை கன அடி, அதைச் சொல்லுங்கோ முதல்ல

வன்னியில வீட்டு முத்தத்துக்குக் கிரவல் (கல்லும் களிமண்ணும் கலந்த செம்மண்) போட வெளிக்கிட்டால் போனில வாற முதல் கேள்வி "எத்தினை லோட் வேணும்?" எண்டதுதான். எத்தினை அடி நீளம், எத்தினை அடி அகலம், எத்தினை இஞ்சி தடிப்பு எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். லோட் எண்டது என்ன அளவு? உழவு மெசின் பெட்டியும் லோட், சின்ன டிப்பரும் லோட், ஏ9 வீதியில யாழ்ப்பாணப் பக்கம் பறக்கிற பெரிய டிப்பரும் லோட். நகைக்கடையில மில்லிகிராமுக்குச் சண்டை பிடிக்கிற சனம், கல்லு வாங்கேக்க மட்டும் டிரைவர் சொன்னதுக்குத் தலையாட்டிப்போட்டுக் காசை எண்ணிக் குடுக்குது.

மணலுக்கும் சல்லிக்கும் (உடைச்ச கருங்கல்லு) கிரவலுக்கும் இலங்கையில இருக்கிற அளவு கியூப். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். இதில குழப்பமே இல்லை. குழப்பம் முழுக்கப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. உழவு மெசின் பெட்டியின்ர உள்நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் ஒன்றரை அடி எண்டால், விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினாலும் அது 60 கன அடிதான். அதைக் கொண்டந்து "ஒரு கியூப் அண்ணை, கூடவும் வரும்" எண்டு விக்க எப்பிடித்தான் மனம் வருதோ தெரியாது. கேட்டால் மேல கும்பமாக் கிடக்கெண்டு காட்டுவினம். கும்பம் நடுவில மட்டும்தான். பெட்டியில ஏறி நாலு மூலையையும் பாருங்கோ, விளிம்புக்கு அரை அடி கீழ நிக்கும். இன்னும் சில பேர் வெளிப்பக்கம் டேப் பிடிச்சுக் காட்டுவினம். அப்ப இரும்புத் தகட்டுக்கும் நீங்கள்தான் காசு குடுக்கிறியள். மாரியில போன லோட்டின்ர களிமண் அடியில ஒட்டிக் கிடக்கும். நாலு இஞ்சி ஒட்டியிருந்தால் அதுவே 13 கன அடி, அது உங்கட வளவுக்குள்ள இறங்காமல் அப்பிடியே திரும்பிப் போகும்.

பறிச்சுப்போட்டுப் போனாப்பிறகும் கணக்குப் பாக்கலாம். கும்பியை மண்வெட்டியால இழுத்து வட்டமாக் கூம்பாக்குங்கோ. அடியில கயிறு சுத்திச் சுற்றளவு எடுத்து, அதை அதாலயே பெருக்கி, பிறகு உயரத்தால பெருக்கி, 38 ஆல பிரியுங்கோ. சுற்றளவு 30 அடி, உயரம் மூண்டரை அடி எண்டால் 900 தர மூண்டரை 3150. அதை 38 ஆல பிரிச்சால் 83 கன அடி. கியூபுக்குக் காசு வாங்கினவரிட்ட மிச்சம் 17 கன அடி எங்க எண்டு கேளுங்கோ. "வழியில இறுகியிருக்கும்" எண்டு சொல்லுவார். வழியில இறுகினது பறிக்கேக்க திரும்பக் குலைஞ்சு இளகிப்போகும், அந்தக் கதை எடுபடாது.

விக்கிறவரை மட்டும் ஏசிப் பிரயோசனமில்லை. முத்தத்தை ஒருக்காச் சுத்திப் பாத்துப்போட்டு "ரெண்டு லோட் காணும் அக்கா" எண்டு சொல்லுற மேசன்மாரும் இருக்கினம். ஒரு டேப்பை எடுத்து அளந்தால் என்ன குறைஞ்சிடும்? 40 அடி நீளம், 12 அடி அகலம், 4 இஞ்சி தடிப்பு எண்டு வைப்பம். இஞ்சியை அடியாக்கவேணும், 4 இஞ்சி அடியில மூண்டிலொண்டு. 40 தர 12 எண்டால் 480, அதில மூண்டிலொண்டு 160 கன அடி. ஆனா இது இறுகினாப்பிறகு வேண்டிய அளவு. பறிச்ச கிரவல் தண்ணி விட்டு இடிச்சால் அஞ்சிலொரு பங்கு அமுங்கி நாலு பங்குதான் மிஞ்சும், ஆனபடியால் 160க்கு 25 வீதம் கூட்டி 200 கன அடி, ரெண்டு கியூப் வாங்கவேணும். ரெண்டு லோட்டும் ரெண்டு கியூபும் ஒண்டெண்டு நினைச்சு அந்த 60 கன அடிப் பெட்டி ரெண்டை இறக்கினால் 80 கன அடி குறையும். அரை முத்தத்தோட வேலை நிக்கும், திரும்பக் கூப்பிட்டால் வாடகையும் ரெண்டாந்தரம். மேல 2 இஞ்சிக்குச் சல்லி போடுறதெண்டால் 80 கன அடி, சிந்துறதுக்குப் பத்து வீதம் சேர்த்து 88. சல்லி கிரவல் மாதிரி அமுங்காது, அதுக்கும் 25 வீதம் கூட்டி வாங்கச் சொல்லுறவையின்ர பேச்சைக் கேளாதேங்கோ. எங்கட வளவுகள் நேர்ச்சதுரமாவும் இராது. அகலத்தை மூண்டு இடத்தில அளந்து சராசரி எடுக்கவேணும்.

கிரவலின்ர தரம் இன்னொரு கூத்து. சிவப்பா இருந்தால் கிரவல் எண்டு நினைக்கிறது. களி இல்லாட்டில் கிரவல் பிடிக்காது, சோழகக் காத்துக்கு முழுப்புழுதியும் வீட்டுக்குள்ள வரும். களி கூடினால் கார்த்திகை மழைக்குச் சேறு, செருப்பு கழண்டு நிக்கும். அரிச்ச தூளை ஒரு கண்ணாடிப் போத்தலில அரைவாசிக்குப் போட்டு, தண்ணியும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் குலுக்கி, ஒரு இரவு வையுங்கோ. பருமணல் கீழ படியும், களி மேல படையாத் தெரியும். அந்தப் படை மூண்டிலொரு பங்கைத் தாண்டினால் அந்தக் கிரவல் வேண்டாம். கறுப்பு மண்ணும் வேரும் இலையும் கலந்து வந்தால் அது கிடங்கின்ர மேல்மண். ரெண்டு மாசத்தில அதுக்குள்ளால கோரை கிளம்பும்.

நடைபாதைக்கு உருண்டைக்கல்லு வடிவெண்டு வாங்குறவை, வயசுபோன ஆக்கள் நடக்கிற இடமெண்டால் யோசியுங்கோ. உருண்டைக்கல்லு காலுக்குக் கீழ உருளும். உடைச்ச கருங்கல்லுக்கு முனையிருக்கு, ஒண்டோடொண்டு பூட்டும்.

பிறகு போடுற விதத்தில விடுற பிழையள். மேல்மண்ணை வெட்டி எடுக்காமல் புல்லுக்கு மேலயே பறிக்கிறது, 12 அடிக்கு 3 இஞ்சியாவது சரிவு விடாதது, அடியில பொலித்தீன் விரிச்சுத் தண்ணியைக் கட்டி வைக்கிறது, எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டிப்போட்டு "டிப்பர் ஓடினால் இறுகிடும்" எண்டு சொல்லுறது. டிப்பர் ஓடினால் சில்லுப் போன ரெண்டு கோடு மட்டும் இறுகும், நடுவில இளக்கம், முதல் மழைக்கு அந்த ரெண்டு கோடும் வாய்க்கால். ரெண்டு படையாப் போட்டு, ஒவ்வொண்டுக்கும் தண்ணி தெளிச்சு, ரோலரோ இடிக்கிற மெசினோ பிடிக்கவேணும். கையில பிடிச்சால் உருண்டையா நிக்கவேணும், தண்ணி வடியக்கூடாது, அந்த ஈரம் காணும். கரைக்கு புளொக் கல்லாவது வையுங்கோ, இல்லாட்டில் சல்லி முழுக்கப் பூக்கண்டுக்குள்ள போயிடும்.

எங்கட நிலத்தில இன்னொண்டும் இருக்கு. கிரவல் எங்க வெட்டினது எண்டு கேளுங்கோ. போர் நடந்த காணியில கண்டபடி தோண்டின மண்ணில வெடிக்காத பொருள் வரலாம். சந்தேகமா ஏதும் கண்டால் மண்வெட்டியை வைச்சுப்போட்டு விலகி நிண்டு பொலிஸுக்கு அறிவியுங்கோ. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி கிரவல் வெட்டவும் ஏத்தவும் சுரங்கப் பணியகத்தின்ர அனுமதி வேணும். அந்தக் கடதாசியைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற டிரைவர், டேப்பை எடுத்தாலும் சுளிப்பார்.

ஐப்பசி பிறக்க முதல் பறிப்பியுங்கோ. மழை விழுந்தாப்பிறகு பாரமேத்தின டிப்பர் ஒழுங்கைக்குள்ள வராது, வீதியோட கொட்டிப்போட்டுப் போகும். பிறகு கைவண்டிலில இழுக்கிற கூலியும் உங்கட தலையில. பெட்டியை அளந்தாப்பிறகுதான் கதவைத் திறக்க விடுங்கோ, பில்லில "1 லோட்" எண்டு எழுத விடாதேங்கோ, கன அடியை எழுதச் சொல்லுங்கோ. எழுத மாட்டன் எண்டால் நிரம்பின பெட்டியோடயே திரும்பிப் போகட்டும்.