முதல் வரிக்கு அடுத்த வரி

புகழ்பெற்ற நாவல்களின் தொடக்க வரிகளைத் தொகுத்துப் போடும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. முதல் வாக்கியத்தை மட்டும் பொன்மொழி போல வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதன் உயிர் பெரும்பாலும் அடுத்த வரியில்தான் இருக்கிறது.

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இன்று இறந்துவிட்டாள், ஒருவேளை நேற்றாக இருக்கலாம், தெரியவில்லை என்று மெர்சோ தொடங்குகிறான். இதோடு நிறுத்தினால், பெற்றவள் செத்த நாள்கூடத் தெரியாத கல்நெஞ்சக்காரன் என்றுதான் தோன்றும். ஆனால் காரணம் உடனே வருகிறது. முதியோர் இல்லத்திலிருந்து வந்த தந்தியில் தாய் இறந்த செய்தியும் நாளை அடக்கம் என்பதும் மட்டுமே இருக்கின்றன. என்றைக்கு இறந்தாள் என்று இல்லை. அவன் உள்ளதைத்தான் சொல்கிறான். அப்புறம் கொலை வழக்கில் அவன் கூண்டில் நிற்கும்போது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் திரும்பத் திரும்ப இழுப்பது தாயின் அடக்கத்தில் அவன் அழவில்லை என்பதைத்தான். ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்கிறார்கள், மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அந்த இடத்தில் எனக்கு உடம்பே சில்லிட்டுப் போனது. முதல் வரியைப் படித்த கணத்திலேயே நாமும் அவனுக்கு ஒரு தீர்ப்பு எழுதிவிட்டிருக்கிறோமே!

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) இன்னும் நுட்பம். நல்ல சொத்துள்ள பிரம்மச்சாரிக்கு மனைவி தேவைப்பட்டே தீரும், இது உலகறிந்த உண்மை என்கிறது முதல் வரி. அடுத்த வரியில், அவன் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் மகள்களில் ஒருத்திக்கு உரியவன் என்று முடிவு கட்டிவிடுகின்றன. ஆக, தேவை யாருக்கு?

மகிழ்ச்சியான குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி, மகிழ்ச்சியற்ற குடும்பம் ஒவ்வொன்றும் தன் வழியில் மகிழ்ச்சியற்றது என்ற டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' முதல் வரி எல்லோர் வாயிலும் இருக்கிறது. சரி, அழகான வரிதான். என்னைக் கதைக்குள் இழுத்துப் போட்டது அதுவல்ல, அன்னாவின் சகோதரன் ஒப்லான்ஸ்கியின் வீடு தலைகீழாகக் கிடக்கிறது என்ற அடுத்த வரி.

கல்கியும் அப்படித்தான். 'பொன்னியின் செல்வன்' கால வெள்ளத்தில் கற்பனை ஓடம் ஏற நம்மை அழைப்பதை எல்லோரும் சொல்வார்கள். விநாடிக்கு ஒரு நூற்றாண்டு வீதம் 982 ஆண்டுகள் பின்னால் போவோம் என்கிற இரண்டாவது வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. பத்து விநாடிகூட ஆகாத பயணம்! தொடர்கதை வாசகரை இதைவிட வேகமாக யார் கூட்டிப்போக முடியும்?

அடுத்த வரியின் துணையே தேவைப்படாத ஒன்றும் உண்டு. மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' (1967). பல ஆண்டுகள் கழித்துத் துப்பாக்கிகளின் முன் நிற்கும்போது, பனிக்கட்டியைக் காட்ட அப்பா கூட்டிப்போன பிற்பகல் கர்னல் அவுரேலியானோவுக்கு நினைவு வரும் என்று ஒரே வாக்கியத்தில் எதிர்காலமும் கடந்தகாலமும் வந்துவிடுகின்றன. அவர் சுடப்பட்டுச் சாகப்போகிறார் என்று நம்பியே பக்கம் பக்கமாகப் புரட்டுகிறோம். கடைசி நேரத்தில் அண்ணன் வந்து காப்பாற்றிவிடுகிறான். திரும்பிப் போய்ப் பார்த்தால், அவர் சாவார் என்று அந்த வாக்கியம் எங்குமே சொல்லவில்லை.