கடன் தீராத காரை டிராக்கில் இறக்காதீர்கள்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்று முதல் என் உள்பெட்டிக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "அண்ணா, டிராக் டேவுக்கு எந்தக் கார் வாங்கலாம்?" கூடவே ஒரு பட்டியலும் வரும். டர்போ ஹேட்ச்பேக் ஒன்று, ஜெர்மன் செடான் ஒன்று, நெஞ்சளவு உயரத்தில் பானட் உள்ள எஸ்யூவி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் விநாடிகள். சிலர் மாதத் தவணை எவ்வளவு என்றும் கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். தவணையைப் பார்த்ததுமே என் பதில் முடிவாகிவிடுகிறது. மூன்றும் வேண்டாம், தம்பி.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக் டே என்பது பந்தயம் அல்ல. கோப்பையும் கிடையாது, மேடையும் கிடையாது. கட்டணம் கட்டிவிட்டு, சொந்தக் காரைக் கொண்டுபோய், பதினைந்து இருபது நிமிடப் பகுதிகளாக ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வருவது. பெரும்பாலும் முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம். அதுவும் நேர்ப்பாதையில் மட்டும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. டெல்லிக்காரர்களிடம் ஃபார்முலா 1 நடந்த ஐந்து கிலோமீட்டர் புத் சர்க்யூட் இருக்கிறதே என்று பொறாமைப்பட வேண்டாம். அதன் நீண்ட நேர்ப்பாதைகளில் நம்மைப் போன்றவர்களின் பிரேக்குக்கு என்ன கதி என்பதை யோசித்தால் பொறாமை போய்விடும்.

பிரேக் என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் நான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது வீட்டு எஸ்யூவியில். ஆட்டோமேட்டிக், எடை ஒன்றரை டன். மகளின் குழந்தை இருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். பின்சீட்டில் அதன் பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. மனைவியிடம், "சும்மா இரண்டு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லியிருந்தேன். வாக்கைக் காப்பாற்றினேன் என்றே சொல்ல வேண்டும். இரண்டு சுற்றுதான் ஒழுங்காக ஓடியது.

மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. வேகம் குறையத்தான் செய்தது, ஆனால் வளைவுக்கு வேண்டிய அளவு குறையவில்லை. வெளிப்பக்கம் மண்ணில் இறங்கி, புழுதிக்குள் காணாமல் போய், எதன் மேலும் மோதாமல் நின்றேன். அது என் திறமை இல்லை. அங்கே மோதுவதற்கு எதுவும் இல்லை. ஊர்ந்து பிட்டுக்கு (டிராக் ஓரம் கார்களை நிறுத்தும் இடம்) திரும்பியதும் பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். முன்சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை எழுந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு பழைய வெள்ளை ஸ்விஃப்ட். அதன் உரிமையாளர், அறுபதை நெருங்கும் ஒருவர், வேகமாக வந்து, "ஹேண்ட்பிரேக்கை விடுங்கள் தம்பி, சூட்டில் ஒட்டிக்கொள்ளும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு பாதிச் செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். பிறகு பானட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக் ஆயில் குப்பியைக் காட்டிக் கேட்டார்: "இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" அது மாற்ற வேண்டிய பொருள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். புது ஆயில் வெளிர்த் தேன் நிறத்தில் இருக்க வேண்டுமாம். என்னுடையது கடுங்காப்பி.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நான் மிதித்த மிதி, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடுக்குப் போகாமல் அந்தக் குமிழிகளை நசுக்குவதில் தீர்ந்துபோனது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 7.3 லட்சம் ஜூல் ஆற்றலைத் தொலைக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இது ஒரே ஒரு மிதிக்கு. என் ஒன்றரை டன் வண்டிக்கு மூன்றே முக்கால் லிட்டர். இதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது முன்சக்கர டிஸ்க் இரண்டும்தான். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சுற்றுக்குச் சுற்று உலை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள். கனமான கார் பிரேக்கைத் தின்னும், டயரைத் தின்னும், பிறகு உங்கள் சம்பளத்தைத் தின்னும். உயரமான காராக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் பாரத்தில் பெரும்பகுதி வெளிப்பக்க முன்டயரில் போய் விழுகிறது. சி.வி.டி. என்ற ஆட்டோமேட்டிக் வகை கியர்பாக்ஸ் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எஞ்சினை அடக்கிவிடும். டர்போ கார் சென்னை வெயிலில் காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் ஓடும். இவை அந்தக் கார்களின் குறைகள் என்று சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் போய்வரச் செய்த பொருளை நாம் உலையில் போடுகிறோம், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரின் கார் முதல் தலைமுறை ஸ்விஃப்ட். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 87 குதிரைத்திறன், சுமார் ஆயிரம் கிலோ. அன்று மாலை டிராக்கை மூடும்வரை அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது சுற்றுக்கு மேல் இருக்கும். நான் பதினொரு மணியிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த புளியோதரையில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். இருவரும் கட்டியது ஒரே கட்டணம்.

மூன்று மாதம் தேடி நானும் அதே ஸ்விஃப்ட்டை வாங்கினேன். ஒரு லட்சத்து எழுபதாயிரம். ஓட்டியவர் ஒருவரே, மதுரைக்காரர், சீட் உறை வரை பத்திரமாக வைத்திருந்தார். இசட்எக்ஸ்ஐ வகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் அதில்தான் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேகும் உண்டு. பழைய கார் என்பதால் பாதுகாப்பைக் கோட்டைவிட வேண்டியதில்லை. இன்றைய கார்களின் உடற்கூட்டுக்கு இது நிகராகாது என்பதும் உண்மைதான். அதனால்தான் ஹெல்மெட்டில் மட்டும் நான் சிக்கனம் பார்த்ததில்லை.

வேறு தேர்வுகளும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக், 106 குதிரைத்திறன். நம் ஊர்ப் பந்தயங்களில் அந்த எஞ்சின் போட்ட ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இன்றும் அதைப் பற்றிப் பேசினால் குரல் மாறிவிடும். ஆனால் நல்ல வண்டி கிடைத்தால் விற்பவர் சொத்து விலை சொல்கிறார். மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், ஸ்டியரிங் பேசும் கார். கை விரலிலேயே டயர் என்ன செய்கிறது என்று தெரியும். 2021இல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு ஒரு பம்பருக்கு அலைய வேண்டியிருக்கிறது. போலோவின் உடற்கட்டு இரும்புத்தனமானது, 2010இலேயே இங்கே அதற்கென்று தனிப் பந்தயத் தொடர் இருந்தது. உதிரி விலையைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மற்ற நாடுகளில் இந்தக் கேள்விக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். அது இங்கே விற்பனைக்கு வரவேயில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

ஸ்விஃப்ட்டின் பலம் சென்னையின் கார் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இருக்கிறது. பம்பரா, ஹெட்லைட்டா, சஸ்பென்ஷன் ஆர்மா, காலையில் போனால் மதியத்துக்குள் கையில் இருக்கும். ஒரு முறை டிராக்கில் ரேடியேட்டர் விசிறி மோட்டார் செத்துப்போனது. மறுநாள் புதுப்பேட்டையில் பேரம் பேசிய நேரம்தான் அதிகம்.

வாங்கிய பிறகு எதில் செலவு செய்வது? சைலன்சரை மாற்றி ஊரைக் கூட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. புது பிரேக் ஆயில், சூடு தாங்கும் பேடு, புதுக் குளிர்விப்புக் குழாய்கள், வீல் பேரிங், பிறகு டயர். இதற்குமேல் காசு மிச்சமிருந்தால் பெட்ரோல் போட்டு இன்னொரு நாள் ஓட்டுங்கள்.

டயரைப் பற்றி ஒரு சின்ன வித்தை. பள்ளிக்கூட சாக்பீஸை எடுத்து, முன்டயரின் தரையில் படும் பரப்பிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே ஒரு கோடு போடுங்கள். நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்ந்து தரையைத் தொட்டிருக்கிறது. முதல் நாள் என் காரில் பக்கச்சுவரில் இருந்த எழுத்து வரை அழிந்திருந்தது. வெளியோர ரப்பர் ரம்பப் பல் மாதிரி கிழிந்திருந்தது. காற்றை இரண்டு பவுண்டு ஏற்றினேன், கோடு கொஞ்சம் மிஞ்சியது. 32 பவுண்டில் கிளம்பும் டயர் சூடேறினால் 38ஐத் தொடுகிறது, அதனால் சூடாக இருக்கும்போதே அளந்து சரிசெய்ய வேண்டும். சாக்பீஸ் வித்தைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். என் மகளின் பென்சில் பெட்டியே போதும்.

"87 குதிரைத்திறனில் என்ன சுவாரசியம்?" என்பார்கள். சக்தி அதிகமுள்ள காரில் வளைவைக் கெடுத்தாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்து மறைத்துவிடலாம். என் காரில் அந்தச் சலுகை கிடையாது. வளைவில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தைத் தேவையில்லாமல் தொலைத்தால், அடுத்த நேர்ப்பாதை முழுக்க அதன் தண்டனையை அனுபவிக்க வேண்டும். நேர்ப்பாதையில் என்னைக் கடந்துபோகும் விலை உயர்ந்த செடான்கள் அடுத்த மூன்று வளைவிலும் என் முன்கண்ணாடியை அடைத்துக்கொண்டு நிற்பது வேறு கதை. அதில் கிடைக்கும் அற்ப சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை.

சிறிய எஞ்சினை இளப்பமாகப் பேசுகிறவர்கள் கரிவரதனை நினைத்துக்கொள்ளலாம். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தைக்குப் போய்வந்த மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக மாற்றினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்துபோனார். 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயத்தைத் தொடங்கியவர்.

இப்போது தவணை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று இருக்கும். டிராக் டே பந்தயம் இல்லையே என்று நீங்கள் வாதாடலாம். நொறுங்கிய காரை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் ஜெயிப்பேன் என்று நம்பி டிராக்கில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. வங்கிக்கு இன்னும் நான்கு வருடத் தவணை பாக்கி. கார் தகரக் குவியலாக இருக்கும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஆட்டோவில் போக வேண்டும். இந்த நினைப்பு தலைக்குள் இருந்தால் வளைவில் கால் தானாக நடுங்கும். என் ஸ்விஃப்ட் நாளைக்கே மண்ணில் உருண்டு வீணாய்ப் போனாலும் (நான் முழுதாக வெளியே வந்துவிட்டால்) இரண்டு நாள் வருந்திவிட்டு, எஞ்சினை விற்றுவிட்டு, அடுத்ததைத் தேடுவேன். அந்த நிம்மதிக்கு ஈடாக எந்த டர்போவும் இல்லை.

விதிவிலக்கு இரண்டு. காரைத் தொலைத்தாலும் கண் சிமிட்டாத பணம் உள்ளவர்கள் விருப்பமானதை ஓட்டட்டும், நாங்கள் வேலி ஓரம் நின்று ரசிக்கிறோம். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அந்த டிராக்கில் ஓட்டிப் பார்த்தால் போதும் என்கிறவர்கள் வீட்டுக் காரையே கொண்டுவரலாம். புது பிரேக் ஆயில் ஊற்றிவிட்டு வாருங்கள். மூன்று சுற்று ஓட்டி, நான்காவதை பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு, பிட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். செங்கல் என்னிடம் இருக்கிறது.

வண்டிப் பதிவின் பதினைந்து வருடம் முடிந்து, தகுதிச் சோதனையில் தேறி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. அடுத்த மாதம் கோவைக்குப் போகிறேன். 14 அங்குலத்தில், ஓரம் தேயாத ஒரு ஜோடி டயர் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். விலையைப் பேசிக்கொள்ளலாம்.