வளர்க்கச் சொல்லிக் குடுத்தாங்க, அறுக்க யாரும் சொல்லிக் குடுக்கல

நாட்டுக்கோழி வளர்ப்பு வீடியோ ஒரு ஐம்பதாவது பாத்திருப்பேன். பானையில பழைய சாக்கும் சாணியும் போட்டுத் தீனிக்குக் கரையான் பிடிக்கிறதுல இருந்து குஞ்சுக்குக் கண்ணுல சொட்டுமருந்து விடுற வரைக்கும் எல்லாம் இருக்கு. கடைசியில சேவலைத் தூக்கிக் காட்டி "ஒன்றரைக் கிலோ வந்துருச்சு"ன்னு சிரிப்பாங்க. வீடியோ முடிஞ்சிரும். அதுக்கப்புறம்தானய்யா வேலையே!

போன வருசம் 12 முட்டை அடை வச்சோம். 21ஆம் நாள் பத்து பொரிச்சது. ரெண்டைப் பருந்து தூக்கிருச்சு. ரெண்டு வெள்ளைக்கழிச்சல் நோயில போச்சு. அது என் தப்பு. கால்நடை மருந்தகத்துல தடுப்பூசி போடுறாங்கன்னு தெரிஞ்சும் நாளைக்கு, நாளைக்குன்னு இருந்துட்டேன். மிச்சம் ஆறு, அதுல மூணு சேவல்.

பிராய்லர் 40 நாள்ல ரெண்டு கிலோ வந்துரும். நம்ம சேவல் ஆறு மாசம் தின்னுட்டு ஒன்றரைக் கிலோகிட்ட வந்து நிக்குது. வீட்டுல நாலு கோழி வளர்த்தா லாபம்னு சொல்றவங்க தீவனச் செலவு எழுதின நோட்டை ஒரு தடவை காட்டட்டும்.

முதல் சேவலை நானே அறுத்தேன். காலையில வயிறு முட்டத் தீவனம் வச்சுட்டேன். இரைப்பை கிழிஞ்சு கம்பும் சோளமும் கறியெல்லாம் ஒட்டிக்கிச்சு. தண்ணி தளதளன்னு கொதிக்கையில முக்கினேன், இறகோட தோலும் வந்துருச்சு. அவசரத்துல பித்தப்பையை உடைச்சதுல ஈரல் கசந்து போச்சு. இதையெல்லாம் விடுங்க, கத்தி மொட்டை. அந்தக் கோழி பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது.

ரெண்டாவதுக்கு அப்பத்தா வந்து கட்டில்ல உக்காந்துக்கிச்சு. "ராத்திரியே கூடையில கவுத்துட்டியா? தீனி போடாம தண்ணி மட்டும் வச்சியா?" ரெண்டு கேள்விதான். கத்தியை வாங்கி நகத்துல வச்சுப் பாத்து, திரும்பத் தீட்டச் சொன்னுச்சு. ஒரே இழுப்பு. ரத்தம் நல்லா வடியிற வரைக்கும் தலைகீழாப் பிடிச்சிருக்கணுமாம். வெந்நீரு குமிழி விடுறதுக்கு முன்னாடியே இறக்கிரணும், விரலை விட்டதும் சுரீர்னு இழுத்துக்கிற சூடு போதும். இறகு பறிச்சு, தென்னவோலைத் தீயில வாட்டி, மஞ்சள் தேச்சுக் கழுவினதுக்கு அப்புறம்தான் வயித்துல கத்தி. குடலைப் புதைக்கக் குழி தோண்டிட்டு வர்றதுக்குள்ள மத்த கோழிங்க சுத்தி நின்னு கொத்திக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தா சிரிக்குது, எனக்குச் சிரிப்பு வரல.

கறிக்கடையில குடுத்து அறுத்து வாங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. வாங்கலாம். எங்க ஊர்க் கடையில தோலை உரிச்சுத்தான் குடுப்பாங்க. வாட்டின தோலு இல்லாத நாட்டுக்கோழிக் குழம்பை நான் குழம்புன்னு ஒத்துக்க மாட்டேன், அது வேற சண்டை. சுத்தமா அறுக்கக் கத்துக்காம கறிக்குன்னு கோழி வளர்க்கக் கூடாதுங்கிறதுதான் என் கட்சி. ஆறு மாசம் தீனி போட்டுட்டு கடைசி ஒரு நிமிசத்துல அதை வதைக்கிறதுக்கு நமக்கு என்ன பாத்தியதை இருக்கு?

மூணாவது சேவல் இன்னும் முருங்கை மரத்துலதான் அடையுது. மகள் அதுக்குப் பேரு வச்சுட்டா. அப்பத்தாவுக்கு இன்னும் சொல்லல.