பர்மாவில் பாதிரிமார் போகும்வரை பள்ளியே இல்லையா?

காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. “நம் ஐயாக்கள் (தாத்தாக்கள்) கொண்டுவிக்கப் (தொழில் செய்யப்) போன பர்மாவில், மிஷனரிகள் வரும்வரை பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் எல்லோரும் மதம் மாறினார்கள்.” இரண்டுமே தவறு.

மிஷனரிகள் வருவதற்கு முன்பே ஊருக்கு ஊர் பௌத்த மடங்களில் பிக்குகள் பையன்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பர்மிய மொழியில் மடத்துக்கும் பள்ளிக்கும் ஒரே சொல்தான். நம் ‘பள்ளி’யும் ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடம்தானே!

சரி, மதமாற்றம்? 1813இல் ரங்கூன் வந்த அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் முதல் பர்மியரை மதம் மாற்றவே 1819 ஆனது. பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன் மக்களிடையே பலர் மாறியது உண்மை. பர்மிய பௌத்தர்களில் மிகச் சிலரே மாறினார்கள்.

இன்னும் தெளிவான சாட்சி, பர்மிய மன்னர்களின் அன்றைய தலைநகர் மாண்டலே. அங்கே மின்டோன் மன்னரே, பௌத்த தர்மத்தில் ஊறியவர், ஜான் மார்க்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாருக்குத் தன் செலவில் பள்ளியும் தேவாலயமும் கட்டிக்கொடுத்தார். 1869இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்குத் தன் பிள்ளைகளையும் அனுப்பினார். அவர்களில் ஒருவர் திபோ. அவர் கிறிஸ்தவராகவில்லை, மடத்தில் சேர்ந்து பாலி மொழித் தேர்விலும் தேறினார். 1878இல் பௌத்த அரசராகவே அரியணை ஏறினார்.

மிஷன் பள்ளிகளால் ஆங்கிலம் பரவியது, மடங்களில் அதிகம் இடம் கிடைக்காத பெண்பிள்ளைகளும் படித்தார்கள். அந்த உழைப்பைப் பாராட்டலாம். அதற்காக, நம் வீட்டுத் தேக்குத் தூண்கள் வந்த நாட்டையே எழுத்தறியாத நாடு என்று சொல்வது எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.