வைக்கோலை எரிப்பவரைத் திட்டும் முன்

அறுவடை முடிந்த வயலில் தீ வைப்பவரைத் திட்டிப் பதிவு போடுவது சுலபம். அவர் ஏன் பற்ற வைத்தார் என்று கேட்கத்தான் ஆளில்லை.

கையால் அறுத்தபோது தாள் அடியோடு வந்துவிடும், வைக்கோல் போருக்குப் போய்விடும். அறுவடை இயந்திரமோ கதிரை எடுத்துக்கொண்டு கட்டையை நிற்க விட்டு, மீதி வைக்கோலை வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும்.

“சாம்பலும் உரம்தானே?” என்று கேட்பார்கள். பொட்டாசியத்துக்கு நாம் வைத்த சாம்பல் சத்து என்ற பெயரே அப்படி நம்ப வைத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 கிலோ சாம்பல் சத்தும் இருக்கின்றன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பல் சத்து பெரும்பாலும் தரையில் மிஞ்சும், ஆனால் பலத்த காற்றோ ஒரு மழையோ வந்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். அந்தப் புகையின் நுண்துகளைச் சுவாசிப்பவர்களில் முதல் ஆள் வயலில் நிற்கிற அவரேதான்.

சரி, வைக்கோலை மண்ணுக்குள் மடக்கி உழலாமே? “போன தடவை உழுதேன், பயிரே மஞ்சளாகிப் போச்சு” என்பார். பொய் இல்லை. வைக்கோலில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 70, 80 பங்கு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. சில வாரம் பயிர் பட்டினி கிடக்கும். அவை மடிந்த பிறகு அந்தச் சத்து மெல்ல மண்ணுக்குத் திரும்பும். அதனால்தான் வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஈரம் இருக்கும்போதே முன்கூட்டி உழ வேண்டும். தழைச்சத்து உரத்தில் ஒரு பகுதியையும் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். தேங்கிய நீரில் மட்காத வைக்கோலை அமிழ்த்தினால் மீத்தேன் கிளம்பும், அதுவும் கூடாது. இதையெல்லாம் சொல்லாமல் “எரிக்காதே” என்று மட்டும் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

உழ நேரமில்லையா, வைக்கோலை மூடாக்காக, அதாவது மண்ணுக்குப் போர்வையாக விட்டு அதன் ஊடாகவே விதைக்கும் கருவிகள் இருக்கின்றன. மூடாக்கு போட்ட வயலில் உச்சி வெயிலில் ஒரு கை வைக்கோலை விலக்கிப் பாருங்கள். அடியில் மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கும், மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடக்கும்.

ஆனால் அந்தக் கருவியை எல்லோராலும் சொந்தமாக வாங்க முடியாது. அபராதம் விதிப்பதற்கு முன் அது வாடகைக்குக் கிடைக்கட்டும். அதுவும் அறுவடை முடிந்த அந்த இரண்டு வாரத்துக்குள். மூன்றாவது வாரம் வந்து நின்றால் யாருக்கு என்ன பயன்?